திருவிழாச் சட்டை

என் அருமை மகன் யாசிருக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் மருமகள் முப்ஷிராவும் வேளைக்குத் தின்று, வேளைக்குத் தொழுது, படுத்து எழும்பிக்கொண்டிருக்கிறோம், இதற்குச் சுகம் என்று பெயர் வைத்தால் சுகம்தான். நீ அந்த ஜப்பான் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போன் இருக்கக் கடிதம் என்ன என்று நினைப்பாய். நீ கடலுக்குப் போனால் கரை ஏறும்வரை போன் கிடைக்காது, கரை ஏறிக் கூப்பிட்டாலோ வாப்பா முதலில் பிடுங்கிக்கொள்கிறார், முப்ஷிரா வந்து காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் என்ன கறி வைத்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதிப் படம் பிடித்து அனுப்பு என்று எதிர்வீட்டு ஷிபாவிடம் கேட்டிருக்கலாம், அவள் கண்ணில் ஒரு எழுத்து பட்டால் தேங்காப்பட்டணம் முழுக்கப் பட்ட மாதிரி. அதனால்தான் எட்டாம் வகுப்போடு கைவிட்ட பேனாவை எடுத்திருக்கிறேன், பிழை கண்டால் சிரிக்காதே. நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படி மக்கா.

இங்கே மழை விட்டும் விடாமலும் பெய்கிறது, பின்பக்கத்துச் சுவர் ஊறிப்போய்விட்டது. பொன்னுலிங்கம் மகள் நந்தனாவைக் கொட்டாரம் ஊரில் கட்டிக் கொடுக்கிறார்கள், கல்யாணம் சொல்ல வந்தவர் முற்றத்திலேயே நின்று கொண்டார், நல்ல சேதியோடு இந்த வீட்டுக்குள் ஏற அந்த மனுஷனுக்குக் கூச்சம். நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேயிலை போட்டுக் கொடுத்தேன். நோன்புக்கு முன்னால் வள்ளம் கவிழ்ந்து உன் தம்பி காணாமல் போனதிலிருந்து ஊரில் எல்லாரும் இப்படித்தான், எங்கள் முன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். கூடப் போன இரண்டு பேரையும் கப்பல்காரன் தூக்கிக் கரையில் விட்டான், ஜாஸிம் மட்டும் இல்லை. வாப்பா விடிந்தால் கடற்கரை, அடைந்தால் கடற்கரை. ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்தவர், கடல் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது எந்தக் கப்பல் அவனை ஏற்றியிருக்கும், எந்த நாட்டு ஜெயிலில் போட்டிருப்பார்கள் என்று கணக்குப் பார்க்கிறார். போன வாரம் பஸ் ஏறிக் குலசேகரம் போய் மை போட்டுப் பார்க்கிறவனிடம் கேட்டு வந்தார், மேற்கே உயிரோடு இருக்கிறானாம். மேற்கே கடல்தானே இருக்கிறது, ரப்பர் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுகூடத் தெரியாதா என்று கேட்டேன், அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நம் மார்க்கத்தில் மையும் கூடாது குறியும் கூடாது என்று ஊருக்கே சொன்ன மனுஷன்தான் இவர்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சட்டை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ முதல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது, நீல நிறத்தில், பொத்தான் இல்லாமல், முதுகு நிறைய வட்டத்துக்குள் சிவப்பாக ஒரு எழுத்து. உங்கள் துறைமுகத்துக் கோயில் திருவிழாவில் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குக் கொடுப்பது என்று சொன்னாய். அந்த எழுத்துக்கு அர்த்தமே திருவிழா என்றுதான் என்றாய். அன்று நான் உன்னை என்ன ஏச்சு ஏசினேன், கலிமா சொன்ன தோளில் பல்லக்கா என்று. நீ பொறுமையாகச் சொன்னாய், நான் கும்பிடவில்லை உம்மா, தூக்க ஆளில்லை, ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் பெரிய பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், படகு முதலாளியும் அவர் வயசுக்காரர்களும்தான் மிச்சம், இந்தோனேசியாக்காரப் பிள்ளைகளும் நானும் தோள் கொடுக்கவில்லை என்றால் பல்லக்கைக் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அதைப் பார்க்க அந்தக் கிழவருக்குப் பொறுக்காது என்று. நம் தர்காவில் சந்தனக்கூடு வரும்போது பொன்னுலிங்கம் தோள் கொடுக்கவில்லையா என்றும் கேட்டாய். ஆனாலும் அந்தச் சட்டையை உன்னைப் போடவிடாமல் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஜாஸிம் எடுத்துப் போட்டுக்கொண்டான். ஜப்பான்காரனின் மீன் சாமி இந்தச் சட்டைக்குள்ளே இருக்கு உம்மா, இதைப் போட்டுப் போனா வலை நிறையுது என்று கேலி பேசுவான், நானும் வாய் ஓயாமல் திட்டுவேன். பல்லக்குக் கம்பு உரசி உரசி இடது தோள் கிழிந்திருந்தது, அதற்கு வாப்பாவின் பழைய சாரத்தில் ஒரு துண்டு வெட்டி, பச்சைக் கட்டம் போட்டது, ஒட்டுப் போட்டதும் நான்தான்.

ராகேலை உனக்குத் தெரியும், மீன் கொண்டுவருகிறவள், அவள் மாப்பிள்ளை அபினேஷ் சொந்த வள்ளம் வைத்திருக்கிறான். பெருநாளுக்கு முன்பே அவள் நம் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டாள், தெருவழியே போனாலும் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். நம் வீட்டில் துக்கம் என்று ஒதுங்குகிறாள் என்று நினைத்தேன், அவளையும் மனசுக்குள் திட்டினேன். போன வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து அடுக்களை வாசலில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். தலையிலிருந்து இறக்கிய குட்டையில் இருந்த மீனையெல்லாம் என் சட்டியில் கொட்டினாள். இவ்வளவு எதற்குடி என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "உம்மா, ஒங்க பிள்ளைய எங்க வள்ளம் கண்டுது. கண்டுட்டு விட்டுட்டு வந்துது." பிறகு மிச்சத்தையும் சொன்னாள். "குப்புறக் கெடந்துச்சாம். முதுகுல பெரிய செவந்த எழுத்து, நம்ம எழுத்து இல்ல. எடது தோளுல பச்சைக் கட்டம் போட்ட ஒட்டு. அவிய வந்து சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு." முப்ஷிரா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் கோரும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏன் விட்டுவிட்டு வந்தார்கள் என்று நீ கேட்பாய், நீ கேட்காவிட்டாலும் உன் ரத்தம் கேட்கும். அதற்கு முன்பு வேறொரு வள்ளம் இப்படிச் செத்து மிதந்த ஒரு மையத்தைக் கொண்டுவந்து, விசாரணை, ஆஸ்பத்திரி, சாட்சி என்று அலைந்து, வள்ளத்தைக் கரையில் கட்டிப்போட்டு, வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்ததைக் கரையே பார்த்திருக்கிறது. கூட இருந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அபினேஷ் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றிக் கடலில் போட்டு, அவர்கள் ஜெபத்தைச் சொல்லிவிட்டு எஞ்சினைத் திருப்பியிருக்கிறான். அன்றிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லையாம், குடிக்கிறானாம். அவனை நான் சபிக்கத்தான் நினைத்தேன், வாய்வரை வந்தது, ராகேல் முந்தானையால் என் சட்டி விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், சபிக்க முடியவில்லை. எழும்பிப் போடி, வெயில் ஏறுது என்று மட்டும் சொன்னேன். அந்த மீனை முப்ஷிராதான் அறுத்துக் கழுவிக் குழம்பு வைத்தாள், இன்றைக்கு மாமிக்கு யாரோ நல்ல மீன் கொடுத்திருக்காவ என்றாள். நான் நோன்பு என்று பொய் சொல்லிவிட்டேன், அல்லாஹ் பொறுக்கட்டும்.

நீ ஒரு தடவை உங்கள் முதலாளி சொன்னதாக ஒன்று சொன்னாய். கடலில் ஒரு மையத்தைக் கண்டால் அங்கே பழைய ஆட்கள் விடமாட்டார்களாம், அதையும் எபிசு என்று அந்த மீன் சாமியின் பெயர் சொல்லியே கூப்பிடுவார்களாம். எங்களுக்கு மீன் தருவியா, தந்தா ஏத்துகோம் என்று ஒருவன் கேட்க, தருகேன் என்று அந்த மையத்துக்காக இன்னொருவன் பதில் சொல்ல, பிறகு மரியாதையாகப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து அடக்குவார்களாம். முதலாளியின் வாப்பா அப்படி ஏற்றியிருக்கிறார் என்றாய். அன்று நான் காதைப் பொத்திக்கொண்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னேன், செத்தவனைச் சாமியாக்கி அவனிடம் மீனும் கேட்கிறார்களே, இவர்களும் ஒரு மனுஷர்களா என்று. நீயும் சிரித்தாய். இப்போது அடுப்படியில் நிற்கும்போதும் தொழுது முடித்துத் தஸ்பீஹ் எண்ணும்போதும் அதுதான் வருகிறது. மீனுக்கு ஆசைப்பட்டாவது ஏற்றுகிறார்கள். இங்கே படைத்தவனைத் தவிர வேறு யாரையும் வணங்காத நாங்களும், மாதாவுக்குக் கொடியேற்றுகிற அவர்களும் ஒரே கடலில் கிடந்து பிழைக்கிறோம், எங்கள் எல்லாருக்கும் ஸ்டேஷன் பயம்தான் பெரிசாகப் போய்விட்டது. உன் தம்பி தப்பான கடலில் போய்விட்டான் யாசிர்.

நான் வாப்பாவிடம் சட்டையை மட்டும் சொன்னேன், அபினேஷ் வள்ளம் கண்டது என்று சொன்னேன், தோளில் இருந்த ஒட்டைச் சொல்லவில்லை, இப்போதைக்கு அவர்களும் சொல்ல வேண்டாம் என்று ராகேலிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஆடிப்போய் ஒரு நாள் முழுக்கக் கிடந்தார். மறுநாள் எழும்பி ஒரு புது வழி கண்டுபிடித்துவிட்டார். இந்த மாதிரிச் சட்டை அங்கே ஆயிரம் விற்கும், வட்டக்கோட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் வருகிற ஜப்பான்காரன் எவனாவது போட்டிருந்திருப்பான், அவன் பாறையிலிருந்து வழுக்கி விழுந்திருப்பான் என்கிறார். யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை செத்தால் பரவாயில்லை என்று இந்த வீட்டில் துஆ கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம். ஜமாஅத்தில் பேச்சு போனபோது பள்ளிவாசல் உஸ்தாத் சொன்னாராம், கண்டவன் ஆளைக் காணவில்லை, சட்டையைத்தான் கண்டான், அந்தச் சட்டை யாருடையது, அதைப்போல் இந்தக் கரையில் வேறு உண்டா என்று கொண்டுவந்த யாசிர் கைப்பட எழுதி அனுப்பட்டும், அதன்பிறகு முடிவு செய்யலாம் என்று. அபினேஷ் ஜமாஅத்துக்கு வந்து சொல்லச் சம்மதித்துவிட்டான், ஸ்டேஷனுக்கு மட்டும் என்னைக் கொண்டுபோகாதேயுங்க என்று அழுதானாம். ஆக, இனி உன் கையில் இருக்கிறது. வாப்பா உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பார், அது மாதிரி சட்டை நிறைய உண்டு என்று எழுது மக்கா என்று கெஞ்சியிருப்பார். பக்கத்து அறையில் அவர் போனை வாயருகே வைத்துக்கொண்டு முணுமுணுத்ததைக் கேட்டேன், கேட்காத மாதிரி படுத்திருந்தேன்.

அப்படி எழுதாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதினால் தாய்க்கு அழகில்லை, ஆனாலும் அப்படித்தான் கேட்கிறேன். நீ நிறைய உண்டு என்று எழுதினால் அது பொய்யும் இல்லைதான், அங்கே கடை கடையாகத் தொங்கும், எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கரையில் ஒன்றுதான் வந்தது, அதற்கு ஒட்டுப் போட்ட கை என் கை. முப்ஷிராவை நினைத்துப் பார். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையாத பெண், பகலெல்லாம் வேலை செய்கிறாள், சாயங்காலம் ஆனால் முகம் கழுவிக் கண்ணில் சுர்மா இட்டுக்கொண்டு உட்காருகிறாள், வந்தால் பார்க்கட்டும் என்று. அவளை அவள் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், போகமாட்டேன் என்கிறாள். அவள் காத்திருக்கும்வரை நம் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று வாப்பா நினைக்கிறார். ஒரு பெண்ணைக் காவல் நிறுத்தி நம் மகனுக்கு உயிர் கொடுக்க முடியாது. மவுத்து என்று முடிவானால்தான் அவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருக்கலாம், அது முடிந்து வெளியே வரலாம், அப்புறம் அவள் தலையில் என்ன எழுதியிருக்கிறதோ. என்னை அவள் வெறுப்பாள், ஒட்டைப் பற்றி நான் வாய் திறக்கும் நாளிலிருந்து இந்த ஜென்மத்துக்கும் வெறுப்பாள், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

தயாராக இருக்கிறேன் என்று எழுதிவிட்டேன், வாய் வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு நாளும் லுஹர் தொழுகைக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அவர் கடற்கரையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது என் முகத்தைப் பார்ப்பார், சேதி உண்டா என்று, இல்லை என்று தலையை ஆட்டிவிடுவேன். சொன்னால் அன்றோடு அவன் செத்தான், இதுவரை கடல் கொன்றது, அன்றைக்கு நான் கொல்ல வேண்டும். எனக்குத் தனியாக முடியவில்லை. நீ சொல்வாயே, பல்லக்கைத் தூக்குவதைவிட இறக்கி வைப்பதுதான் கஷ்டம், எல்லாத் தோளும் சேர்ந்து குனிய வேண்டும், ஒருவன் முந்தினால் மற்றவன் எலும்பு முறியும் என்று. நீ அந்தச் சட்டை ஒன்றுதான் வந்தது என்று ஒரு வரி எழுதி உஸ்தாத் பெயருக்கு அனுப்பு. அது வந்து சேரும் நாளில் நான் ஒட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமையே காயிப் ஜனாஸா தொழுவார்கள், முன்னால் மையம் இருக்காது, வெறும் தரைதான் இருக்கும், வாப்பா முதல் வரிசையில் நிற்க வேண்டும், அவரை யார் பிடித்து நிறுத்துவார்கள் என்று தெரியவில்லை.

உன் முதலாளி கோயிலில் ஜாஸிம் பேரை அவர்கள் எழுத்தில் ஒரு மரப்பலகையில் எழுதித் தொங்கவிட்ட படம் அனுப்பியிருந்தாய், பத்திரமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாய். அந்தக் கிழவருக்கு என் சலாத்தைச் சொல். வருஷம் திரும்பும்போது பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து எரித்துவிடுவார்கள் என்றும் நீதான் சொன்னாய், எரிக்கட்டும், தடுக்காதே. சீட்டெடுத்துக் கெட்ட குறி வந்தால் அதை அங்கேயே ஒரு மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறாயே, நமக்கு அப்படிக் கட்டிவிட்டு வர ஒரு மரம் இல்லை. பிறந்த குழந்தையை அந்தக் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள், சாவு என்றால் வேறு கோயில், எந்த மதம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள் என்று நீ சொன்னபோது விசித்திரமாக இருந்தது, இப்போது பொறாமையாக இருக்கிறது. வீட்டில் சாவு விழுந்தவன் ஐம்பது நாள் அந்தக் கோயிலின் சிவப்பு வாசலுக்குக் கீழே போகக் கூடாது என்பார்களே, முதலாளி மனைவி இறந்துபோன வருஷம் அவர் வெளியே நின்று பல்லக்கைப் பார்த்தார் என்றாயே. நீ இந்த ஒரு வரியை எழுதினால் உனக்கும் அப்படித்தான், இந்த வருஷத் திருவிழாவில் உன் தோள் இருக்காது, ஒருவேளை குட்டி லாரிதான் வரும். அதை மறைக்காதே, முதலாளியிடம் தம்பி மவுத்தாகிவிட்டான் என்று சொல்லிவிட்டு வெளியே நில். தூக்காதே என்று அன்று ஏசினேன், தூக்க முடியாமல் போவதும் என்னால்தான் வருகிறது.

நீ வர வேண்டாம். வந்து பார்க்க இங்கே முகம் இல்லை, கபர் இல்லை, அழுகிற வாப்பாவைத்தான் பார்க்க வேண்டும். இருக்கிற ஒருவனும் வேலையை விட்டுவிட்டு இந்தக் கரையில் வந்து நின்றால் கடலுக்குத்தான் போவாய், அது எனக்கு வேண்டாம், அங்கேயும் கடலுக்குத்தான் போகிறாய், அதுவும் வேண்டாம், எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. மிதவைச் சட்டையைப் போடாமல் படகில் ஏறாதே, தம்பி போட்டிருந்தானா என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, போடவில்லை, வெயிலாக இருக்கிறது என்று அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தான். தலைக்கு எண்ணெய் வை, கம்பளி உள்ளுடுப்பை நனைத்துப் போட்டு ஈரத்தோடு மாட்டாதே, சுபஹுத் தொழுகையை நேரம் தவறவிட்டுக் கழா ஆக்காதே. கல்யாணப் பேச்சை இப்போது எடுக்கமாட்டேன், பயப்படாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும், கண்ணுக்குத் தெரிகிற கரையையும் தரட்டும், உன்னை அவன் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டேன், வேறு யாரிடமும் ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை. உஸ்தாத்துக்கு எழுத வேண்டியதை இதைப் படித்த கையோடு எழுதிவிடு, தூங்கி எழும்பினால் உனக்கும் மனசு மாறிப்போகும். இன்னொன்றும் மறந்துவிடாதே மக்கா. நீ போகிற கடலில் எவனாவது மிதந்து வந்தால், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், என்ன சட்டை போட்டிருந்தாலும், விட்டுவிட்டு வராதே. முதலாளி மீன் கேட்டால் அவர் வழக்கம், கேட்கட்டும். நீ ஒன்றும் கேட்காதே, ஏற்றிக்கொள்.

உன் உம்மா,
ஜுபைதா பீவி,
தேங்காப்பட்டணம்.